மீசைக்கு அடியில் பஞ்சு

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நின்றவன் நான்தான். அதுவும் பட்டப்பகலில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு மத்தியானத்திலும் கொஞ்சம் பயப்படலாம்.

1969-ஆம் வருடம். தேனி கடைவீதியில் ஒரு மாடியில் என் ஸ்டுடியோ இருந்தது. என் பெயர் பொன்னுராஜ். கல்யாணம், காதுகுத்து, சர்ச் அறுப்புப் பண்டிகை, பள்ளிக்கூட ஆண்டு விழா, வியாபாரிகள் சங்கக் கூட்டம், சாவு வீடு... கம்பத்திலிருந்து பெரியகுளம் வரைக்கும் எங்கே நாலு பேர் கூடினாலும் என் கேமரா போகும். நான் எடுப்பேன். கழுவி அச்சிட்ட படத்தில் குறை இருந்தால் என் மனைவி சாராள் மெல்லிய தூரிகையால் சரிசெய்வாள்.

அந்த வருடம் ஆவணியில் ஒரு கல்யாணம் எடுத்தேன். மாப்பிள்ளை தங்கபாண்டி, போடியில் இலவம்பஞ்சு வியாபாரி. அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி சந்தனம்மாள் போன வருடம் இழுப்பு நோயில் இறந்துபோனாள் என்று சொன்னார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வருவது போடியில் புதிதில்லை. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. புதுப் பெண் சொர்ணலதா, பெரியகுளத்துக்காரி. சந்தனம்மாளைப் போலவே இவள் பேரிலும் ஒரு இலவந்தோப்பு இருந்தது.

படங்களைக் கழுவி அச்சிட்டபோது ஒரு சின்னச் சிக்கல். மாப்பிள்ளையின் முகத்தில் வெள்ளைப் புள்ளிகள்.

இது எப்படி வரும் என்று சொல்லிவிடுகிறேன். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாக இருக்கும். அதைத் தாளில் அச்சிடும்போது கறுப்பு வெளுப்பாக மாறும். நெகட்டிவ் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் அதுவும் வெளிச்சத்தை மறைக்கும். மறைத்த இடம் தாளில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஆகவே படத்தில் வெள்ளைப் புள்ளி என்றால் முதலில் தூசியைத்தான் தேட வேண்டும். ஒட்டகமுடித் தூரிகையால் தட்டிவிட்டால் போய்விடும்.

தட்டிவிட்டேன். மறுபடி அச்சிட்டேன். புள்ளிகள் போகவில்லை.

சாராள் ஈரப் படத்தைத் தூக்கிப் பார்த்தாள். "மாப்ள தேங்காப்பூவத் தின்னுட்டு வாயத் தொடைக்காம மணவறைல ஒக்காந்துட்டாரு போல" என்றாள்.

சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்து நெகட்டிவைப் பார்த்தேன். மேலே தூசி இல்லை. புள்ளிகள் பிலிமுக்குள்ளேயே கறுப்பாகப் பதிந்திருந்தன. அதாவது, லென்ஸுக்கு முன்னால் அந்த முகத்தில் வெள்ளையாக ஏதோ இருந்திருக்கிறது. கேமரா அதைப் பார்த்திருக்கிறது. மணவறைக்கு ஐந்தடி தூரத்தில் நின்ற நான் பார்க்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் பளிச்சென்று இருந்தது.

இன்னும் ஒன்று இருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

பஞ்சோ, பொரியோ, அட்சதையோ, எது மேலே விழுந்தாலும் தலையில் நிற்கும். தோளில் நிற்கும். மூக்குத் தண்டில், மீசையின் மேல்பக்கம் நிற்கும். இந்தப் புள்ளிகள் அப்படி இல்லை. மூக்குத் துவாரத்தில். மீசைக்கு அடியில். தாடைக்குக் கீழே. புருவ எலும்புக்கு அடியில், கண்குழியின் கூரையில். எல்லாம் அடிப்பக்கமாகவே ஒட்டியிருந்தன. கீழேயிருந்து மேலே பெய்த மழை மாதிரி.

தங்கபாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார். குழாயடியில் முகம் கழுவச் சொன்னேன். வேறு கேமராவில், வேறு பிலிமில், ஸ்டுடியோ விளக்கில் எடுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அதே பிலிமில் வேறு ஆட்களை எடுத்தேன்.

மற்றவர்கள் சுத்தம். அவர் முகத்தில் மட்டும் அதே புள்ளிகள். அதே இடங்களில்.

எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால் காரணம் தெரியும் என்று பழைய நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினேன். வியாபாரிகள் சங்கத்துக்கு வருடத்துக்கு இரண்டு முறை குரூப் போட்டோ எடுப்பேன். போன வருடம் சித்திரையில் எடுத்தது சுத்தம். இந்த வருடம் தையில் எடுத்ததில், அத்தனை தலைகளுக்கு நடுவே, குண்டூசி முனை அளவில், தங்கபாண்டியின் மீசைக்கு அடியில் வெள்ளை.

அந்தப் பெட்டியிலேயே தங்கபாண்டியும் சந்தனம்மாளும் ஜோடியாக நின்ற பழைய படம் ஒன்றும் இருந்தது. நான் எடுத்ததுதான். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட, அகன்ற நெற்றிக்காரி. அந்தப் படத்தில் இரண்டு முகமும் சுத்தமாக இருந்தன.

"அந்தம்மா என்னைக்கு எறந்தாக?" என்று சாராள் கேட்டாள்.

"போன ஆயுத பூசைக்கு."

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

வேறு வழியில்லாமல் கல்யாணப் படத்தில் புள்ளிகளை மையால் அடைக்கச் சொன்னேன். சாராள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அடைத்தாள். முகம் சுத்தமாகிவிட்டது. மறுநாள் காலை மேசையைப் பார்த்தபோது புள்ளிகள் திரும்ப வந்திருந்தன.

மை உதிர்ந்திருக்கும் என்று நினைத்துச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். உதிரவில்லை. தாளின் வெள்ளை கீழே இருக்கும், மை அதற்கு மேலே இருக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே மை இருந்தது... மைக்கு மேலே வெள்ளை இருந்தது.

சாராள் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டாள். "இனி இத நான் தொட மாட்டேங்க. நீங்களாச்சு, ஒங்க கேமராவாச்சு."

படத்தை வாங்கத் தங்கபாண்டி மனைவியோடு வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா பொன்னுராசு, எம் மூஞ்சில மட்டும் அம்மை போட்ட மாதிரி எடுத்திருக்கீரு? பஞ்சு வியாபாரின்னு கேலியா?"

"மிஷின்ல ஏதோ கோளாறு அண்ணாச்சி. கண்டுபிடிச்சிருவேன்."

"வார ஆயுத பூசைக்கு நம்ம கிட்டங்கிக்கு வாரும். ஆளுக எல்லாத்தையும் வச்சு ஒரு குரூப் எடுக்கணும். அதுலயாச்சும் மனுச மூஞ்சியா வரட்டும்." பிறகு சொர்ணலதாவைக் காட்டி, என்னமோ நினைவு வந்ததுபோலச் சொன்னார்: "இவளுக்கும் லேசா இழுப்பு இருக்கு. நம்ம ராசி அப்பிடி."

வெற்றிலை வாங்க அவர் கீழே இறங்கியதும் சொர்ணலதா சாராளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதிருக்கும்.

"எனக்கு இழுப்பெல்லாம் கெடையாதுக்கா" என்றாள் மெதுவாக. "நேத்துகூட கெணத்துல இருந்து பத்துக் கொடம் எறைச்சேன். மூச்சு வாங்கல. அவுக ஏன் ஊரெல்லாம் இப்பிடிச் சொல்றாகன்னு தெரியல. டாக்டருட்டயே சொல்லி வச்சிருக்காக."

சாராள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்:

"ஆயுத பூசைக்கு நானும் வர்றேன்."

"நமக்கு ஏது பூசை? நீ எதுக்கு?"

"பூசைக்கு வரல. அந்தப் பிள்ளையத் தனியா விடக் கூடாது."

பஞ்சு சேர்த்து வைக்கும் அந்தக் கிட்டங்கி போடிக்கு வெளியே, மலை ஏறும் ரோட்டுப் பக்கம். தகரக் கூரை. உள்ளே பாதி இடத்துக்கு மேலே பலகைப் பரண். பரணின் விளிம்பில் ஒரு வட்ட ஓட்டை. ஓட்டையைச் சுற்றி இரும்பு வளையம். அந்த வளையத்தில் ஒரு பெரிய பொதிச்சாக்கு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளத்தில், பாதிக்கு மேல் பஞ்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. வாய் மேலே பரணில். அடிப்பாகம் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டு.

இது எதற்கு என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். எனக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. பொதி மிதிக்கும் கருத்தக்கண்ணன் சொன்னான். இலவம்பஞ்சு காற்று மாதிரி. சும்மா கொட்டினால் ஒரு சாக்கில் இரண்டு கிலோகூட ஏறாது. அதனால் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு ஆள் மேல் வாய் வழியாக உள்ளே இறங்குவான். மேலேயிருந்து பஞ்சைக் கொட்டக் கொட்ட அவன் மிதிப்பான். பஞ்சு உயர உயர அவனும் உயர்ந்து, கடைசியில் வாய் வழியாகவே வெளியே வருவான்.

"பயமா இருக்காதா?"

"கால் மொதல்ல போனா ஒண்ணுமில்லண்ணே. மூஞ்சில துணியக் கட்டிக்கிருவேன்." சாக்கைத் தட்டினான். சத்தமே எழவில்லை. "தலை மொதல்ல போனா அம்புட்டுத்தேன். கையூண்ட எடம் கெடைக்காது. கத்துனா வாய்க்குள்ள பஞ்சு போயிரும். பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடக் கேக்காது."

சொல்லிவிட்டு அவன் ஏனோ சட்டென்று வேறு பக்கம் போய்விட்டான்.

அன்று வேலை இல்லை. தராசு, கொக்கி, பஞ்சடிக்கும் கம்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். சாக்கின் அடியிலும் வைத்திருந்தார்கள். சாக்கின் வாய்க்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை. அதைக் கடைசியாக முதலாளி வீட்டு அம்மாதான் பரணில் ஏறி, குனிந்து வைக்க வேண்டும் என்பது அந்தக் கிட்டங்கி வழக்கம்.

மூன்றரை மணிக்கு எல்லோரையும் சாக்குக்கு முன்னால் நிறுத்தினேன். நடுவில் தங்கபாண்டியும் சொர்ணலதாவும். இரண்டு பக்கமும் ஆட்கள். ஸ்டாண்டு கேமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் போனேன்.

ஸ்டாண்டு கேமராவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கம் ஒரு மங்கலான கண்ணாடி இருக்கும். லென்ஸ் பார்ப்பது அதில் விழும். வெளிச்சம் நேர்கோட்டில் போவதால் மேலேயிருந்து வருவது கண்ணாடியில் கீழே விழும், கீழேயிருந்து வருவது மேலே விழும். ஆகவே கண்ணாடியில் உலகம் தலைகீழாகத்தான் தெரியும். அந்த மங்கல் வெளிச்சம் தெரிவதற்காகத்தான் கறுப்புத் துணி. பழகிவிட்டால் தலைகீழாகத் தெரிவதே உறைக்காது.

அன்றும் எல்லோரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். வரிசையாகத் தொங்கும் வௌவால்கள் மாதிரி.

ஒருத்தியைத் தவிர.

அவள் நேராக நின்றாள்.

தங்கபாண்டிக்கும் சொர்ணலதாவுக்கும் பின்னால். சாக்கை ஒட்டி. தலை மேலே, கால் கீழே. கண்ணாடியில் அவள் ஒருத்திதான் சரியாக நின்றாள்.

நேராக நிற்கிறாளே என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. கண்ணாடியில் நேராக நின்றால்... வெளியே அவள் தலைகீழாக இருக்கிறாள்.

துணியை விலக்கி வெளியே வந்தேன்.

யாரும் இல்லை. ஆட்கள். சாக்கு. அவ்வளவுதான்.

"என்னய்யா, இன்னுமா?" தங்கபாண்டி.

மறுபடி உள்ளே போனேன்.

இருந்தாள். முன்னைவிடப் பக்கத்தில்.

கூர்மையாக்கும் திருகைத் திருப்பினேன். தூரம் மாறினால் எல்லா உருவமும் மங்க வேண்டும். அது லென்ஸின் விதி. எல்லோரும் மங்கினார்கள். அவள் மங்கவில்லை.

அகன்ற நெற்றி. இரண்டு பக்கமும் மூக்குத்தி. வாய் திறந்திருந்தது. வாய்க்குள் வெள்ளையாக... நிறைய... திணித்த மாதிரி.

துணிக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கை நகர்ந்தது. மெதுவாக. சொர்ணலதாவின் தோளை நோக்கி.

கத்த நினைத்தேன்.

கை தோளில் பட்டது.

தள்ளியது.

வெளியே சொர்ணலதாவின் இருமல் கேட்டது. கண்ணாடியில் அவள் வரிசையை விட்டு நகர்ந்து, ஓரத்தைத் தாண்டி மறைந்தாள்.

"ஆரோ தள்ளுன மாதிரி இருந்துச்சு..." அவள் குரல். "மூக்குல என்னமோ..."

"பாத்தியளாப்பா?" தங்கபாண்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இழுப்பு. நாஞ் சொல்லல?"

"இங்கன வா தாயி, என்கிட்ட ஒக்காரு." அது சாராள்.

கண்ணாடியில் இப்போது கை தங்கபாண்டியிடம் திரும்பியிருந்தது.

முகத்தைத் தடவியது. அவசரமே இல்லை. மூக்குத் துவாரம். மீசைக்கு அடி. தாடைக்குக் கீழே. கோயில் சிலைக்குச் சந்தனம் அப்புகிற மாதிரி... ஒவ்வொரு இடமாக... வைத்தது.

"ம். எடுமய்யா!"

பிலிம் பெட்டியைச் செருகினேன். ஷட்டரைத் திறக்கும் ரப்பர் உருண்டையை அழுத்தினேன். எப்படி அழுத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

ஆட்கள் பின்கட்டுக்குச் சுண்டலுக்குப் போனார்கள். சாராளும் சொர்ணலதாவும் அங்கேதான் போனார்கள். கிட்டங்கிக்குள் நான் மட்டும். நடந்ததை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? பயம் பிடித்தால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வேலை. அடுத்த பிலிமைப் பெட்டியில் ஏற்ற உட்கார்ந்தேன்.

வெளியூரில் இருட்டறை கிடையாது. அதற்கு ஒரு கறுப்புப் பை உண்டு. இரட்டைத் துணி. பிலிமையும் பெட்டியையும் உள்ளே வைத்து வாயை மூடிவிட வேண்டும். இரண்டு சட்டைக்கை மாதிரி இருக்கும் துளைகளில் முழங்கை வரை கையை விட்டு, விரலாலேயே பார்த்து வேலை செய்ய வேண்டும். நடுவில் கையை உருவினால் வெளிச்சம் புகுந்து பிலிம் கெட்டுவிடும்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையும் பைக்குள்.

பின்னால் தங்கபாண்டி ஏணியில் ஏறும் சத்தம். பிறகு பரணிலிருந்து அவர் குரல்.

"சொர்ணம்! குங்குமச் செப்ப எடுத்துக்கிட்டு மேல வா. பொட்டு வைக்கணும்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. வளையல் சத்தம்.

சொர்ணலதா போகிறாள். போகாதே என்று சொல்ல வேண்டும். திரும்ப வேண்டும்.

அப்போது விரலில் ஏதோ பட்டது. பைக்குள்.

மெத்தென்று. பஞ்சு.

நான் மூடும்போது அது அங்கே இல்லை.

"வா. பயப்படாத." மேலே. "இங்கன நில்லு. குனி."

பைக்குள் பஞ்சு கூடியது. விரல் இடுக்கில். மணிக்கட்டில்.

"இன்னுங் கொஞ்சம் குனி."

கையை உருவப் பார்த்தேன். வரவில்லை. உள்ளே இறுகியிருந்தது. மிதித்த மாதிரி.

"ஏய்..." அவர் குரல் மாறியது. "வாயில என்னடி..?"

பரண் பலகை முனகியது.

"வாயில என்னடி அது..?"

தொப்.

கத்தல் இல்லை. ஒன்றுமே இல்லை. வளையம் மட்டும் ஆடியது. கிறீச்... கிறீச்...

பிறகு சாக்குக்குள்ளிருந்து. மெல்ல.

தொப்... தொப்... தொப்...

தொப்...

நின்றது.

கை தானாக வெளியே வந்தது. முழங்கை வரை வெள்ளை.

"சொர்ணலதா!" என்று கத்தினேன்.

"என்னண்ணே?"

குரல் பரணிலிருந்து வரவில்லை. பின்கட்டு வாசலில் சுண்டல் கிண்ணத்தோடு நின்றாள். அவள் முந்தானையின் நுனி சாராளின் கைக்குள் இருந்தது. குங்குமச் செப்பு பூசைத் தட்டில், வைத்த இடத்திலேயே இருந்தது.

"நீ... மேல போகல?"

"இல்லண்ணே. கூப்பிட்டது கேட்டுச்சு. அக்கா விடல. அவுக எங்க?"

பின்கட்டிலிருந்து ஓடி வந்த கருத்தக்கண்ணன் மூன்றே தாவலில் பரண் ஏறினான். நானும் ஏறினேன். சாக்கின் வாயில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். நான் இடுப்பைப் பிடித்தேன். தலைகீழாகவே வெளியே வந்தார். உயிர் இல்லை. பரணில் வேறு யாரும் இல்லை. ஏணி ஒன்றுதான். யாரும் இறங்கவும் இல்லை.

போலீஸ் வந்தது. தவறி விழுந்துவிட்டார் என்று எழுதினார்கள். கேமரா அங்கேயே இருந்ததால் என்னையே பிணத்தைப் படம் எடுக்கச் சொன்னார்கள். பைக்குள் இருந்தது வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது; இன்னொரு பெட்டியில் ஒரு பிலிம்தான் மிச்சம் இருந்தது. எடுத்தேன்.

இருட்டும் முன் பஸ்ஸுக்கு நின்றபோது கருத்தக்கண்ணன் வந்தான். சாராளையும் என்னையும் பார்த்தான். அழுதிருந்தான்.

"போன ஆயுத பூசைக்கும் இதே சாக்குதாண்ணே" என்றான். "சந்தனம்மாளப் பொட்டு வைக்க மேல கூட்டிட்டுப் போனாக. ரொம்ப நேரங் கழிச்சு என்னையக் கூப்பிட்டாக. நாந்தேன் காலப் பிடிச்சு இழுத்தேன். வாய் நெறையாப் பஞ்சு. தோண்டி எடுத்துட்டு, இழுப்புன்னு சொல்லுடான்னாக. சொன்னேன்."

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்கும் அவுகளுக்கும்தேன். செத்துப்போன அந்தாத்தாளுக்கும்."

சொர்ணலதா பெரியகுளத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். தோப்பை அவளே பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்வி. இழுப்பு அவளுக்கு அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை.

அந்த வாரம் இருட்டறையில் கல்யாணப் படத்தையும் போலீசுக்கு எடுத்த படத்தையும் முகம் ஒரே அளவு வரும்படி பெரிதாக்கி அச்சிட்டேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து விளக்கில் பிடித்தேன். மூக்குத் துவாரம், மீசைக்கு அடி, தாடைக்குக் கீழே, கண்குழியின் கூரை. ஒரு புள்ளிகூட விலகவில்லை. ஆவணியில் என் கேமரா பதிந்த பஞ்சு, ஐப்பசியில்தான் அவர் முகத்துக்கு வந்திருக்கிறது.

அது எப்படி என்று எனக்குத் தெரியாது. பஞ்சு ஏன் அடிப்பக்கமாகவே ஒட்டியிருந்தது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. காலைப் பிடித்துத் தலைகீழாக இழுக்கும்போது மற்ற பஞ்செல்லாம் உதிர்ந்துவிடும். தலைகீழாக இருக்கும் முகத்தில் எது மேல்பக்கமோ, அங்கே கிடப்பது மட்டும் நிற்கும். தங்கபாண்டியின் படத்தை நேராகப் பிடித்துப் பார்த்ததுதான் நான் செய்த தவறு. அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்.